விழுவதற்கு ஒரு இடம்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஓமலூர் பக்கம் ஒரு கிராமம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கொல்லைப்பக்கம் தொப்பு தொப்பென்று சத்தம். போய்ப் பார்த்தால் முருங்கை மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக் கம்பிக்கும் நடுவே கொடிக்கயிறு கட்டியிருக்கிறது, கயிறு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக அங்கங்கே சிவப்புத் துணிக் கிழிசலை முடிந்து வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் மாட்டுக்கு வாங்கிப் போட்ட வைக்கோலை உதறிப் பரப்பியிருக்கிறாள். எட்டாவது படிக்கிற அக்கா மகள். என்னைப் பார்த்ததும் நிற்கவில்லை. நாலடி பின்னால் போய், வளைந்து ஓடி வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றுக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் மல்லாந்து விழுந்தாள்.

எனக்கு ஒரு நிமிடம் மூச்சே வரவில்லை.

"கழுத்து ஒடிஞ்சா என்ன கண்ணு பண்ணுவ?"

"அதான் வைக்கோல் இருக்குல்ல மாமா."

குனிந்து அந்த வைக்கோலைக் கையால் அழுத்திப் பார்த்தேன். நாலு தடவை விழுந்ததிலேயே நடுவில் பள்ளமாகிவிட்டது, என் விரல் முட்டி நேராகத் தரையைத் தொட்டது. வெயிலில் காய்ந்து இறுகிப்போன செம்மண் தரை. அதன்மேல்தான் அவள் மல்லாந்து விழுந்துகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டி நடந்திருக்கிறது. உயரம் தாண்டுதலில் இவள் 1.20 மீட்டர் தாண்டி இரண்டாவது. முதலிடம் வந்த பெண் 1.30. இவள் கத்தரி மாதிரி ஒரு காலை முதலில் போட்டு அடுத்த காலை இழுத்துக்கொள்கிற பழைய முறையில் தாண்டுகிறாள், பள்ளியில் அதுதான் சொல்லித் தருகிறார்கள். ஜெயித்த பெண் முதுகைத் திருப்பித் தாண்டியிருக்கிறாள். "அவ என்னவிட குள்ளம் மாமா. ஆனா வில்லு மாதிரி வளைஞ்சு போறா" என்று சொன்னபோது அவள் குரலில் பொறாமை இல்லை, எப்படியாவது அதைக் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்கிற தவிப்பு மட்டும்தான் இருந்தது. மறுநாளே பி.டி. சாரிடம் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர், பிள்ளைகளுக்காகச் சொந்தக் காசைச் செலவு பண்ணுகிறவர். "இங்க மணல் குழிதான் இருக்கு, பெட் இல்ல, அந்த ஸ்டைலை நீ இங்க போடக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதனால்தான் இவள் வீட்டுக்கு வந்து வைக்கோலைப் பரப்பியிருக்கிறாள்.

இதில் எனக்கு ஒன்று உறைத்தது. உயரம் தாண்டுதலில் நாம் எல்லோரும் கம்பியையே பார்க்கிறோம். கம்பிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. 1968-ல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கர் முதுகைக் காட்டித் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வாங்கினார், உலகமே வாயைப் பிளந்தது, இன்றைக்கு எல்லோரும் தாண்டுகிற முறை அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அந்த முறை எப்படிச் சாத்தியமானது? அந்தக் காலத்தில்தான் மணலுக்கும் மரத்தூளுக்கும் பதிலாக ஃபோம் மெத்தைகள் வர ஆரம்பித்தன. மணலில் காலால்தான் இறங்க முடியும். மெத்தை இருந்தால்தான் முதுகால் இறங்க முடியும். சர்வதேசப் போட்டிக்கு அந்த மெத்தை 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 70 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது விதி. அக்கா வீட்டுச் சமையல்கட்டையும் நடையையும் சேர்த்தால்கூட அந்த அளவு வராது.

எவ்வளவு திறமை இருந்தாலும், எவ்வளவு உழைத்தாலும், விழுவதற்கு இடம் இல்லாத பிள்ளை ஒரு உயரத்துக்கு மேல் பழகவே முடியாது. அது உடம்பின் எல்லை இல்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவளுக்குப் போனில் மாரியப்பன் தாண்டுவதைப் போட்டுக் காட்டினேன். மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுகிற மாரியப்பன் தங்கவேலு யார் என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தீவட்டிப்பட்டிப் பக்கம் பெரியவடகம்பட்டி, எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரிதான். ஆனால் அவள் 2016 ரியோ தங்கத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள். நான் டோக்கியோவைக் காட்டினேன். 2021 ஆகஸ்ட் 31. மழை பெய்துகொண்டே இருக்கிறது, ஓடுதளம் முழுக்க ஈரம். 1.86 மீட்டரை மாரியப்பனும் தாண்டுகிறார், அமெரிக்காவின் சாம் கிரூவும் தாண்டுகிறார். அடுத்து 1.88. கிரூ மூன்றாவது முயற்சியில் தாண்டிவிட்டார். மாரியப்பனுக்கு மூன்றும் போயிற்று. வெள்ளி. வெண்கலம் நம்முடைய சரத் குமார், 1.83.

போட்டி முடிந்ததும் மாரியப்பன் சொன்ன காரணத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பாதிக்கப்பட்ட காலில் போட்டிருந்த சாக்ஸ் மழையில் நனைந்துவிட்டது, 1.80-க்கு அப்புறம் சிரமமாகிவிட்டது என்று சொன்னார்.

"ஒரு சாக்ஸ் நனைஞ்சதுக்கா மாமா தங்கம் போச்சு?"

அவள் ஸ்கேலை எடுத்து வந்து இரண்டு சென்டிமீட்டரைக் காட்டினாள். அவளுடைய சுண்டுவிரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கால் எப்படி அப்படி ஆயிற்று என்று கேட்டாள், சொன்னேன்.

ஐந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த பையன்மீது, குடித்துவிட்டு ஓட்டிய டிரைவரின் பஸ் ஏறியது. வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிவிட்டது. மற்ற உடம்பு வளர்ந்தது, அந்தக் கால் அதோடு சேர்ந்து வளரவில்லை. அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா சரோஜா சூளையில் செங்கல் சுமந்தார், அப்புறம் காய்கறி விற்றார். வைத்தியத்துக்கு 3 லட்ச ரூபாய் கடன் வாங்கினார், 2016-ல் மகன் உலகத்தின் உச்சியில் நின்றபோதும் அந்தக் கடன் முழுதாக அடைந்திருக்கவில்லை. மாதம் 500 ரூபாய் வாடகை வீடு. விபத்துக்கு இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு 17 வருடம் இழுத்தது, கடைசியில் கிடைத்தது 2 லட்சம், அதில் பாதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. சின்ன வயதில் ஆரம்பித்த ஒரு வழக்கு பெரியவனாகும் வரைக்கும் ஒரு பையனின் கூடவே நடந்து வருவதை யோசித்துப் பாருங்கள்.

படிக்கிற காலத்தில் முதலில் அவருக்குப் பிடித்தது வாலிபால். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் ராஜேந்திரன்தான் இந்தப் பையனின் எம்பலைப் பார்த்து, நீ உயரம் தாண்டு என்று திருப்பிவிட்டவர். பதினாலு வயதில் இரண்டு காலும் நன்றாக இருக்கிற பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாவது வந்திருக்கிறார். 2013-ல் தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்யநாராயணா கண்ணில் பட்டார், 2015-ல் அவர் பெங்களூருக்குக் கூட்டிப் போனார். இந்த சத்யநாராயணாதான் 2012 லண்டன் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டி வெள்ளி வாங்கிய கிரிஷாவுக்கும் பயிற்சி கொடுத்தவர், அதனால் இந்தக் கால் என்ன செய்ய முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2012-க்கும் 2015-க்கும் நடுவில் என்ன செய்தார் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விடியற்காலையில் நடந்தே போய்ப் பேப்பர் போடுவார். அது முடிந்ததும் கட்டட வேலை. நாளைக்கு 200 ரூபாய். அந்தக் காலோடு.

இந்த இடத்தில் என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். "தடைகளைத் தாண்டிச் சாதித்தவர்" என்று நாம் எழுதுகிறோமே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கோபம் வரும். அவர்மீது இல்லை, அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம். கோபம் அந்த வாக்கியத்தின்மீது. கம்பி என்பது அவர் தானே வைத்துக்கொண்ட தடை, அதைத் தாண்டுவது அவருடைய கனவு, அதற்கு உழைத்தது அவருடைய பெருமை. ஆனால் 17 வருட வழக்கு அவர் வைத்த தடையா? தேசிய அளவில் தாண்டுகிற ஒருவர் பயிற்சி எடுக்க வேண்டிய நேரத்தில் சித்தாள் வேலைக்குப் போனது யார் வைத்த தடை? அந்த மூன்று வருடத்தில் அவருடைய முதுகும் இடுப்பும் மண்ணுக்கும் ஜல்லிக்கும் போயின. அது அவருக்குப் பலம் கொடுத்தது என்று சிலர் எழுதுவார்கள், நான் அப்படி எழுத மாட்டேன். அது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதுதான் அதிகம் என்று நினைக்கிறேன். அதையும் மீறி அவர் தாண்டினார் என்பது உண்மை, அதே அளவு திறமையோடு அந்த மூன்று வருடத்திலேயே நின்றுபோன பிள்ளைகள் நம் ஊர்களில் இருப்பதும் உண்மை. அவர்கள் வீட்டுச் சுவரில் பழைய சான்றிதழ் ஒன்று பழுப்பேறித் தொங்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ரியோ அன்றைக்கு நான் திருப்பூரில் இருந்தேன், பனியன் கம்பெனி வேலை. 2016 செப்டம்பர் 10, சனிக்கிழமை காலை. டீக்கடையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. "சேலம் மாவட்டம்" என்று கேட்டதும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். 1.89 மீட்டர், தங்கம். வெண்கலமும் இந்தியாவுக்கு, வருண் சிங் பாட்டி. பாராலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தங்கம் வாங்கிய மூன்றாவது ஆள் மாரியப்பன். அவருக்கு முன்னால் 1972-ல் நீச்சலில் முரளிகாந்த் பேட்கர், 2004-ல் ஈட்டி எறிதலில் தேவேந்திர ஜஜாரியா, அவ்வளவுதான். கடையில் யாருக்கும் என்னைத் தெரியாது, ஆனாலும் பக்கத்தில் நின்றவரிடம் "எங்க ஊருங்க, எங்க பக்கத்து ஊரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் எனக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுத்தார்.

தமிழக அரசு 2 கோடி, மத்திய அரசு 75 லட்சம் என்று பரிசு அறிவித்தார்கள். மாரியப்பன் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தான் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் தருவதாகச் சொன்னது. கடனும் வாடகை வீடுமாக இருந்த குடும்பத்திலிருந்து வந்தவர் இதைச் சொன்னார். தனக்கு எது இல்லாமல் இருந்தது என்று அவருக்குத் தெரியும், அதனால் கை தானாக அந்தப் பக்கம்தான் நீண்டது. பக்கத்திலேயே சின்னப்பம்பட்டியில் கிரிக்கெட் வீரர் நடராஜனும் இதையேதான் செய்தார், சொந்த ஊரில் 2023-ல் ஒரு மைதானமே கட்டித் திறந்தார். சரி, அவர் கதை இன்னொரு நாளைக்கு.

ஆனால் என் அக்கா மகளுக்கு நான் காட்ட நினைத்தது தங்கத்தை இல்லை. தங்கத்துக்கு அப்புறம் வந்த எட்டு வருடத்தைத்தான். ரியோ முடிந்ததும் எல்லாம் சுகமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 2018 ஆசிய பாரா போட்டியில் வெண்கலம்தான் வந்தது, தாண்டிய உயரம் 1.67. ரியோவில் 1.89 தாண்டியவருக்கு அந்த 1.67-ஐ எழுதிக்கொள்ள எப்படி இருந்திருக்கும்! 2019 துபாய் உலகப் போட்டியிலும் வெண்கலம். டோக்கியோவில் தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்த வேண்டியவர் அவர்தான். வரும் வழியில் கொரோனா தொற்று உள்ள ஒருவரோடு தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்று தனிமைப்படுத்திவிட்டார்கள், கொடி வேறு கைக்குப் போனது. அதற்கப்புறம்தான் அந்த மழை, அந்த சாக்ஸ். 2023-ல் ஹாங்சோ ஆசிய பாரா போட்டியில் வெள்ளி, மறுபடியும் இரண்டே சென்டிமீட்டர் வித்தியாசம், 1.80-க்கு 1.82, ஜெயித்தது சைலேஷ் குமார் என்ற நம் நாட்டுப் பையன். அதற்குள் மாரியப்பனுக்கு 28 வயது. இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். 2024 மே மாதம் ஜப்பானில் கோபே நகரத்தில் நடந்த உலகப் போட்டியில் 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார்.

1.88! டோக்கியோவில் மூன்று தடவை தட்டிவிட்ட அதே உயரம்.

இதைச் சொன்னபோது அவள் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டாள். "அதே 1.88-ஆ மாமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அதே ஜப்பான் என்றும் சொன்னேன். அந்த வருடமே செப்டம்பரில் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் வாங்கினார், தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான். டோக்கியோ முடிந்த 2021-லேயே காகித நிறுவனமான டி.என்.பி.எல்.-லில் அவருக்குத் துணை மேலாளர் பதவி கொடுத்தார்கள். செய்தித்தாள் அச்சடிக்கிற காகிதம் செய்வதற்காக ஆரம்பித்த ஆலை அது. அந்தச் செய்தியைப் படித்தபோது, விடியலில் பேப்பர் கட்டைச் சுமந்து நடந்த அந்தக் கால் ஞாபகம் வந்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் பேசியதை எல்லாம் அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அக்கா கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறாள், நாள் முழுக்கக் குனிந்தே உட்கார்ந்து கழுத்து வலி. பிள்ளை படுத்த பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

"நீ அவளுக்கு ஆசை காட்டிட்டுத் திருப்பூர் போயிருவ. தாண்டித் தாண்டி என்னத்தடா ஆகப் போகுது? கையோ காலோ போச்சுன்னா நாளைக்கு யாரு பாக்குறது?"

அக்கா கேட்டது தப்பே இல்லை. அவளுக்குப் பயம், பயப்படக் காரணமும் இருக்கிறது. நான் மாரியப்பன் கதையை அவளிடம் சொல்லவில்லை, அது அவளுக்குத் தெரியும், சரோஜா அம்மாவை டி.வி.யில் பார்த்து அழுதவள் அவள். நான் அவளிடம் என்னென்ன வழி இருக்கிறது என்று பேசினேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்துகிற விளையாட்டு விடுதி இருக்கிறது, ஏழு, எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளில் சேர்த்துக்கொள்கிறார்கள், இருப்பிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்கள் பொறுப்பு, தேர்வில் தாண்டிக் காட்ட வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. இவளுக்கு அடுத்த வருடம் ஒன்பதாவது. அதை விட்டால் பதினொன்று வரை காத்திருக்க வேண்டும், அதற்குள் என்னவெல்லாமோ நடந்துவிடும், பெண்பிள்ளை வேறு. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வைக்கோல்ல மட்டும் விழ வேண்டாம்னு சொல்லு" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

மறுநாள் காலையில் பி.டி. சாரைப் போய்ப் பார்த்தேன். புது மெத்தை வாங்குவதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுபடியாகாது என்றார். ஆனால் ஒரு வழி சொன்னார். சோபா தைக்கிற கடைகளில் ஃபோம் வெட்டியது போக மிஞ்சுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும், அதை வாங்கி வந்து, மீன் வலை மாதிரி கெட்டியான வலைப்பையில் அடைத்து, நாலு பை, ஆறு பை என்று பக்கம் பக்கமாக அடுக்கி இறுக்கிக் கட்டி, மேலே தார்ப்பாய் போர்த்திவிட்டால் பழகுகிற பிள்ளைகளுக்கு அது போதும் என்றார். அவர் படித்த காலத்தில் அப்படி ஒன்றில்தான் பழகினாராம். பைகளுக்கு நடுவே இடைவெளி வந்துவிடக் கூடாது, கால் மாட்டிக்கொள்ளும், அதை மட்டும் தினமும் பார்த்துச் சரி செய்ய வேண்டும் என்று கையால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அதுவரைக்கும் கத்தரி முறையிலேயே 1.25 வரைக்கும் கொண்டுவருகிறேன், கால் பலம் எதற்கும் வீணாகாது என்றார்.

இதுவரை மூன்று மூட்டை சேர்ந்திருக்கிறது. இன்னும் எட்டு, பத்து மூட்டை வேண்டும். சேலம், ஓமலூர், தாரமங்கலம் பக்கம் சோபா வேலையோ மெத்தைக் கடையோ வைத்திருப்பவர்கள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், நானே வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன், காசும் கொடுத்துவிடுகிறேன். கிழிந்துபோன பழைய தார்ப்பாய் இருந்தாலும் சரி, தைத்துக்கொள்ளலாம். இவள் ஒருத்திக்கு மட்டும் இல்லை, அந்தப் பள்ளியில் இன்னும் ஆறு பிள்ளைகள் தாண்டுகிறார்கள்.